லேசரால் அயனிகளை முடுக்க ஆசைப்படும் மகள்

அம்மா, பி.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் மகள் லேசர், பிளாஸ்மா என்கிறாள்; நீங்கள் பி.எட். சேர்த்துவிடலாம் என்கிறீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். தலைமுடியைவிட மெல்லிய உலோகத் தகட்டில் அதிதீவிர லேசரைப் பாய்ச்சினால், பட்ட இடம், எலெக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து கிடக்கும் பிளாஸ்மாவாகிறது. எலெக்ட்ரான்கள் தகட்டின் பின்பக்கம் பாய்ந்து வெளியேற, அங்கே உருவாகும் மின்புலம் புரோட்டான்களை, அதாவது ஹைட்ரஜன் அயனிகளை, இழுத்துப் பறக்கவிடுகிறது. அந்தப் புரோட்டான்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் தகட்டின் பின்னால் படிந்த ஈரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் உள்ள ஹைட்ரஜனிலிருந்து! இதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தால், தடுக்காதீர்கள்.

புரோட்டான் கற்றையால் புற்றுநோய்க் கட்டியை அழிக்கும் சிகிச்சை சென்னையில் 2019 முதல் இருக்கிறது. அதற்காகப் புரோட்டான்களை வேகமூட்டும் முடுக்கிக்குத் தனிக் கட்டடமே வேண்டும். அதைச் சிறியதாக்கலாம் என்பதுதான் லேசர் முறை தரும் நம்பிக்கை. ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வுக்குழு 2024-இல் புரோட்டான் ஆற்றலில் 150 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வரை எட்டியதாக அறிவித்தது. உடலின் ஆழத்திலுள்ள கட்டிகளுக்கு 200 மில்லியனுக்கு மேலும் தேவைப்படும். ஒவ்வொரு லேசர் துடிப்புக்கும் கற்றை ஒரே மாதிரி வரவும் வேண்டும். ஆகவே நாளைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று நம்பி இதில் இறங்கக் கூடாது.

சரி, வழி என்ன? எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வு எழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்சி.; பிறகு ஜெஸ்ட் (JEST) அல்லது கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி முனைவர் பட்டம். இந்தூரின் ராஜா ராமண்ணா மையம், மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், காந்திநகரின் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை இதற்கேற்ற இடங்கள். டாடா நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வும் உண்டு. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டக் காலத்தில் உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள்.

ஆனால் பொறுமை வேண்டும். சோதனை நடக்கும் வெற்றிடக் கலத்தைத் திறந்து, தகட்டை மாற்றி, கண்ணாடிகளை மயிரிழை பிசகாமல் திருப்பி, மறுபடி காற்றை வெளியேற்றுவதிலேயே ஒரு பகல் போய்விடும். கையால் கருவிகளைத் தொட அவளுக்குப் பிடிக்குமா என்பதுதான், மதிப்பெண்ணைவிட, நான் பார்க்கும் விஷயம். அப்படிப் பழகிய கைக்கு ஒளியியல், வெற்றிடத் தொழில்நுட்பம், கதிர்வீச்சு உணரிகள் என்று வேலைக்கு வேறு கதவுகளும் உண்டு. எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும், கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ முடித்து மருத்துவ இயற்பியலாளராகலாம்.

பி.எட்.டை எம்.எஸ்சி.க்குப் பிறகும் படிக்கலாம். ஜாம் விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும்; முதலில் அதை எழுதட்டும்.