நலிந்த நகர்ப்பகுதியை மீட்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: தெருவில் பாதிக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. எதில் தொடங்குவது?

பதில்: கூரையிலும் மழைநீர்க் குழாயிலும். ஆளில்லாத கட்டடத்தை அரிப்பது தண்ணீர்தான். உடைந்த கூரை ஓடுகளை மாற்றி, அடைத்த குழாயைத் திறந்துவிடுங்கள். சன்னல்களைப் பலகையால் அடைத்தால் மேலும் கீழும் காற்றுத் துளை விடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தங்கி உத்தரம் உளுத்துப்போகும். முகப்புக்கு வண்ணம் பூசத்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள். அது கடைசி வேலை.

கேள்வி: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், இணைப்புகள் உதிர்கின்றன. சிமெண்ட் பூசலாமா?

பதில்: கூடாது. சிமெண்ட் பழைய செங்கல்லைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாது. அந்த ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறும்போது உப்புப் பூத்து, கல்லின் முகம் பொரிந்து விழும். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு உளியால் சுரண்டுங்கள். மின் அறுப்பான் வேண்டாம், செங்கல் விளிம்பை வெட்டிவிடும். சுவரை நனைத்து, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து, அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். மேலே ஈரச் சாக்கைச் சில நாள் தொங்கவிடுங்கள். வேகமாகக் காய்ந்தால் சாந்து இறுகாமல் பொடியாகும்.

கேள்வி: விரிசல் ஆபத்தானதா என்று எப்படித் தெரியும்?

பதில்: இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை அகலத்தை அளந்து குறியுங்கள். பருவத்துக்கேற்பக் கூடிக் குறைவது இயல்பு. கூடிக்கொண்டே போனால் அடித்தளம் இறங்கலாம். அருகில் சாக்கடைக் குழாய் கசிகிறதா பாருங்கள், உடனே கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள்.

கேள்வி: இரவில் நடக்கப் பயம். அதிக வெளிச்சமுள்ள எல்இடி போட்டால் போதுமா?

பதில்: வெளிச்சத்தின் அளவைவிடச் சீராகப் பரவுவது முக்கியம். கண்ணைக் கூசும் விளக்குக்குப் பக்கத்து நிழலில் நிற்பவர் தெரியவே மாட்டார். கம்பங்களின் இடைவெளி, உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கைத் தாண்ட வேண்டாம். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; வீடுகள் நடுவே 3000 கெல்வின், அதாவது சற்று மஞ்சளான ஒளி போதும்.

கேள்வி: தெருவில் சென்சார்கள் (தானாக அளந்து தகவல் அனுப்பும் கருவிகள்) வைக்கலாமா?

பதில்: மின்கலம் யார் மாற்றுவார் என்று தெரியாமல் ஒன்றுகூட வாங்காதீர்கள். வெள்ளம் தேங்கும் வடிகாலில் நீர்மட்ட சென்சார் உண்மையிலேயே உதவும். தெருவைத் தோண்டும்போதே இழுகயிறு போட்ட காலிக் குழாய் ஒன்றைக் கூடுதலாகப் புதைத்துவிடுங்கள். பின்னால் ஃபைபர் (இணையக் கம்பி) இழுக்க மறுபடி தோண்ட வேண்டியிராது.

கேள்வி: கொலம்பியாவின் மெடெயின் நகரில் உள்ள மின்படிக்கட்டை இங்கேயும் வைக்கலாமா?

பதில்: அது இருக்கும் கொமுனா 13 பகுதி செங்குத்தான மலைச்சரிவு, அதனால்தான் 2011-இல் அங்கே மின்படிக்கட்டு பொருந்தியது. சமதளத்துக்குச் சாய்தளமும் அகலமான நடைபாதையும் போதும்.

கேள்வி: தெரு அழகானதும் வாடகை ஏறாதா?

பதில்: ஏறும். நியூயார்க்கில் பழைய உயர்மட்ட ரயில் பாதையைப் பூங்காவாக்கி 2009-இல் திறந்த ஹை லைனைச் சுற்றி அதுதான் நடந்தது. பழைய குடியிருப்பவர்கள் வெளியேறாமலிருக்க, நிலத்தைச் சமூக அறக்கட்டளை வைத்துக்கொண்டு, மறுவிற்பனை விலைக்கு வரம்பு போட்டு வீட்டை மட்டும் விற்கலாம். நிலம் மலிவாக இருக்கும்போதே, வேலை தொடங்குமுன் வாங்கிவிட வேண்டும்.