கண் சிமிட்டச் சொல்லும் வங்கிச் செயலி

மஞ்சக்குப்பம் நண்பரே, பார்வையற்ற உங்களிடம் கணக்குத் தொடங்கும் செயலி, கேமரா முன் இருப்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்டதும், கிளையில் போய்ச் சொன்னால் "வீட்டில் யாரையாவது வைத்துச் செய்யுங்கள்" என்றதும் படித்தேன். எனக்கும் லாஸ்பேட்டையில் இதே கதைதான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றே சொல்லும். எது பணம் அனுப்பும், எது ரத்து செய்யும் என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். பொத்தானுக்கு ஒரு பெயர் எழுதி வைப்பது நிரல் எழுதுபவருக்கு ஒரு வரி வேலை, அதையும் செய்வதில்லை.

பார்வையற்றோரும் பயன்படுத்தும்படி செயலிகளை அமைப்பதைக் கட்டாயமாக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு தனியார் சேவைகளையும் கட்டுப்படுத்துகிறது. 89ஆம் பிரிவில் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். பெரிய வங்கிக்கு அது டீச் செலவு, அது வேறு விஷயம்.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது 2025 ஏப்ரல் 30 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. டிஜிட்டல் வசதியை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்ற நீதிமன்றம், கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வைக்கவும் உத்தரவிட்டது.

வாயால் சொன்னது போதும். அந்தத் தேதியைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அப்புறம், ஓடிபியை மட்டும் உதவிக்கு வந்தவரிடம்கூடச் சொல்லிவிடாதீர்கள்.