பழைய பூசை உடுப்பைக் கொடுத்துப் புதியது வாங்கலாமா?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்கு ஆலயத்தில் பூசைப் பொருள்கள் வைக்கும் அறையை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பட்டு உடுப்பு கிடைத்தது. முன்பக்கம் நடுவில் ஒடுங்கி வயலின் போலவும், பின்பக்கம் பலகை போல் விறைப்பாகவும் இருக்கிறது. முதுகில் பொற்சரிகைச் சிலுவை. நிறம் மங்கிய சிவப்பா, ரோசாவா என்றே தெரியவில்லை. உடுப்பு விற்க வந்த ஒருவர், "வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இந்தத் தையல் வெட்டைத் தடை செய்துவிட்டார்கள். நிறமும் எந்த நாளுக்கும் பொருந்தாது. இதைக் கொடுங்கள், நான்கு புதிய உடுப்பு தருகிறேன்" என்கிறார். பங்குத்தந்தை அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆள் மறுபடி வருவதற்குள் பங்குத்தந்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது ஆயர்கள் கூடிய பொதுப் பேரவை, எந்த வெட்டையும் தடை செய்யவில்லை. திருவழிபாடு பற்றி 1963-இல் அது வெளியிட்ட ஏட்டின் 126-ஆம் எண்ணைப் பாருங்கள். மதிப்புள்ள திருப்பொருள்கள் கைமாறிப் போகாமலும் சிதறிப் போகாமலும் ஆயர்கள் மிகக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. சங்கம் எதைக் காக்கச் சொன்னதோ, அதைச் சங்கத்தின் பெயரைச் சொல்லியே வாங்கிப் போகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

உடுப்போடு சேர்ந்து ஒரு ஸ்டோல் (குரு கழுத்தில் அணியும் நீளப் பட்டை), இடது கையில் தொங்கவிடும் சிறு பட்டை, திருக்கிண்ணத்தை மூடும் துணி, திருமேனித்துகில் (பீடத்தில் திருக்கிண்ணத்தின் கீழ் விரிக்கும் துணி) வைக்கும் உறை ஆகியவை இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். எல்லாம் ஒரே பட்டில் தைத்த ஒரே தொகுதி. கைப்பட்டை கட்டாயமில்லை என்று 1967-இல் அறிவித்தார்கள். கட்டாயமில்லை என்றால் கூடாது என்று பொருளில்லை. வியாபாரிகள் அதையும் 'தடை' என்று சொல்லி, சின்னத் துண்டுகளை இனாமாகவே கேட்பார்கள். தொகுதியைப் பிரிக்க விடாதீர்கள்.

அடுத்து நிறம். பொதுவான வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வெள்ளை, சிவப்பு, பச்சை, ஊதா, அதனதன் காலத்துக்கு. ஆனால் உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 346-ஆம் எண் ஒரு விலக்கு தருகிறது. பெருவிழா நாள்களில், அன்றைய நிறமாக இல்லாவிட்டாலும், சிறப்பான, மேன்மையான உடுப்பை அணியலாம். அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு வெள்ளை என்றாலும் உங்கள் சிவப்புப் பட்டை உடுத்தலாம். இந்த விலக்கு யாருக்காக என்பதை 2004-இல் திருவழிபாட்டுப் பேராயம் (வழிபாட்டைக் கவனிக்கும் வத்திக்கான் துறை) தன் அறிவுரையின் 127-ஆம் எண்ணில் விளக்கியது: பல ஆண்டுகளுக்கு முன் செய்த உடுப்புகளுக்காக, திருச்சபையின் மரபுச் செல்வம் காக்கப்பட வேண்டும் என்பதற்காக. உங்கள் அலமாரியில் கிடப்பது போன்ற உடுப்பை நினைத்தே எழுதிய விதி அது. சில கடைக்காரர்கள் இதே விதியைக் காட்டி, நேற்று தைத்த பளபளப்புத் துணியை 'எல்லா விழாவுக்கும் ஆகும்' என்று விற்கிறார்கள். புதுமைகளுக்கு இந்த விலக்கை நீட்டக்கூடாது என்று அதே எண் சொல்கிறது. பொன்னிறமும் வெள்ளி நிறமும்கூடப் பெருவிழாக்களில் மற்ற நிறங்களுக்கு மாற்றாகலாம். ஊதாவுக்கும் கறுப்புக்கும் மாற்றாகாது. ஆகவே பழையது என்றால் விலக்கு உண்டு, புதியது என்றால் இல்லை. அந்த ஆள் உங்களிடம் இதை அப்படியே தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, ஒரு பழைய துணிக்கு நான்கு புதிய உடுப்பு ஏன்? உள்துணியின் தையல் எங்காவது விட்டிருக்கும். அந்த இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துச் சிலுவையின் ஓரத்தைப் பாருங்கள். மஞ்சள் பட்டு நூலைச் சுற்றி, முடியளவு மெல்லிய தகடு நெருக்கமாகச் சுருண்டிருந்தால், பெரும்பாலும் அது பொன்முலாம் பூசிய வெள்ளி. அந்த இழை துணிக்குள் புகுந்து வெளியே வராது. மேலே கிடத்தி, வேறொரு பட்டு நூலால் இம்மியளவு தையல்களில் பிடித்திருப்பார்கள். ஒரு சிலுவைக்கு மாதக்கணக்கில் கை வேலை. அவர் தரும் புதிய உடுப்புகளில் அநேகமாக உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழைதான் மின்னும்.

வாங்கிப் போனதும் சிலுவையை வெட்டி எடுத்துத் தனியாக விற்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அப்படி ஒரு சிலுவையைக் கொண்டுவந்து, கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட ஏற்றபடி தைத்துத் தரச் சொன்னார். ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை, அவ்வளவு புதிய வெட்டு. பின்னால் ஒட்டியிருந்த உள்துணியில் யாரோ மையால் எழுதிய இரண்டு எழுத்துகள். இரண்டாவது எழுத்தின் நடுவே கத்தரி போயிருந்தது. எந்த ஆலயத்தினுடையது என்று கேட்டேன். சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் உள்துணியிலும் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பங்குத்தந்தை சம்மதித்தால் போதாது. கலை மதிப்போ வரலாற்று மதிப்போ கொண்ட பொருளையும், நேர்ச்சையாக வந்த பொருளையும் கைமாற்ற உரோமையின் அனுமதி வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1292, 2-ஆம் பிரிவு. அனுமதி இல்லாமல் செய்த விற்பனை செல்லாது. ஆனால் இதை யார் கண்காணிக்கிறார்கள்? பல ஆலயங்களின் பொருள் பட்டியலில் 'பூசை உடுப்பு 12' என்று ஒரே வரி இருக்கும். பட்டு போய்ப் பாலியஸ்டர் வந்தாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதான், கணக்கு நேராக இருக்கும். மேலிடத்துக்கு எழுதினால் பதில் வர மாதங்கள் ஆகும், அதற்குள் வியாபாரி மூன்று முறை வந்து போயிருப்பார். எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறோம், ஒவ்வொரு உடுப்புக்கும் ஒரு படமும் நான்கு வரிக் குறிப்பும் எழுதி வையுங்கள் என்று! நீங்களாவது செய்யுங்கள். முன்பக்கம், பின்பக்கம், சிலுவை, உள்துணி எழுத்து, நீள அகலம் எல்லாவற்றையும் படமெடுத்து ஒரு பிரதியை ஆயரகத்துக்கு அனுப்பி, வாங்கிக்கொண்டதற்குக் கையொப்பம் பெறுங்கள். பட்டியலில் ஏறிவிட்ட பொருளை வாங்க வியாபாரி தயங்குவார்.

புதிய உடுப்பு வேண்டுமென்றால் வாங்குங்கள், தவறில்லை. தகுதியாக இருந்தால் செயற்கை இழைக்கும் அனுமதி உண்டு. காசு கொடுத்து வாங்குங்கள்.

பழையதைத் துவைக்க வேண்டாம், டிரை கிளீனிங்குக்கும் அனுப்ப வேண்டாம். சரிகையைப் பாத்திரப் பசை போட்டுத் துலக்கினால் முலாம் போய்விடும். மடிப்புகளில் பட்டு கீறிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கனம் கூட்டப் பட்டில் வெள்ளீய உப்பு ஏற்றினார்கள், அந்தப் பட்டு தானாகவே நொறுங்கும். அப்படியிருந்தால் உடுத்தவே கூடாது. உறுதியாக இருந்தால் ஆண்டுக்கு ஓரிரு முறை உடுத்தலாம். குருவானவர் கழுத்தைச் சுற்றி அமிஸ் துணியைக் கட்டாயம் அணியட்டும், ஏனென்றால் வியர்வை படும் கழுத்தோரம்தான் முதலில் இற்றுப்போகும். அப்புறம், இப்போது அதைக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். சரிகையின் பாரம் தோள் தையலைக் கிழித்துவிடும். சாயம் போடாத பழைய பருத்தித் துணியை விரித்து, மடிக்காமல், பிளாஸ்டிக் உறை இல்லாமல் படுக்க வையுங்கள்.