பூச்சிகள் கூடும்போது ஏன் இத்தனை சண்டை? கேள்வி பதில்

சாட்ஸ்வர்த்திலிருந்து: அக்கா, எங்கள் கறிவேப்பிலைச் செடியில் ரெண்டு கும்பிடுபூச்சி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. பெண் ஆணைத் தின்றுவிடும் என்பார்களே, அதுவா?

அது ஸ்பிரிங்பாக் கும்பிடுபூச்சியாக இருந்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். நம் தென்னாப்பிரிக்கப் பூச்சிதான், 1970களில் நியூசிலாந்து வரை போய்ப் பரவிவிட்டது, இந்தச் சண்டையைக் கவனித்து 2021இல் எழுதியதும் ஆக்லாந்து ஆய்வாளர்கள்தான். இதன் பெண் ஆண் துணை இல்லாமலே குஞ்சு பொரிக்கும். ஆகவே ஆண் வந்தால் அதற்குச் சாப்பாடு. ஆணுக்கோ கூடினால்தான் வாரிசு, அதனால் அது பாய்ந்து முன்னங்கால்களால் பெண்ணை அமுக்கப் பார்க்கும். முந்தினால் பிழைக்கும், பல சமயம் கூடியும் விடும். பெண் முந்தினால் ஆண் இரைதான். ஜெயித்த ஆணின் முன்னங்கால் பெண்ணின் வயிற்றைக் கிழிப்பதும் உண்டு. "ஆணைத் தின்னும் கொடூரி" என்று கதை சொல்கிறவர்கள் இந்தக் காயத்தை விட்டுவிடுவது எனக்குப் பிடிப்பதே இல்லை.

ஃபீனிக்ஸிலிருந்து: மூட்டைப்பூச்சியில் ஆண் பெண்ணின் வயிற்றையே குத்துமாமே?

உண்மை. பெண்ணின் பிறப்புறுப்பு வழி முட்டையிட மட்டும்தான். ஆண் ஊசி போன்ற உறுப்பால் வயிற்றைத் துளைத்து விந்தைச் செலுத்தும், அது உடலுக்குள் நகர்ந்து சினைப்பை போய்ச் சேரும். அளவுக்கு மீறிக் குத்து வாங்கிய பெண் சீக்கிரம் செத்துவிடும். தடுக்க வழியில்லாத பெண்ணிடம் சேதத்தைக் குறைக்க ஓர் உறுப்பே உருவாகியிருக்கிறது: குத்து விழும் இடத்தில், வயிற்றின் வலப்பக்கம், நோய் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்து இருக்கும். இரத்தம் குடித்து உப்பிய பெண்ணால் விலக முடியாது, ஆண் குறிவைப்பதும் அதைத்தான்.

டோங்காட்டிலிருந்து: எங்கள் தட்டைப்பயறு டப்பாவில் வண்டு. அதிலும் இப்படியா அக்கா?

அதிலும்தான். ஆணுறுப்பு முழுக்க முள், உள்ளே காயம் படும், பெண் பின்னங்காலால் உதைத்துத் தள்ளும். உதைக்க முடியாதபடி செய்து பார்த்தபோது காயம் அதிகமானது. முள் நீளமான ஆணுக்கு வாரிசு அதிகம், அதனால்தான் முள் மறையவில்லை. பயறை ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள், சரியாகிவிடும்.

டர்பனிலிருந்து: பெண் கை ஓங்கிய இனமே கிடையாதா?

உண்டு. பிரேசில் குகைகளில் வாழும் நியோட்ரோக்லா என்ற சிறு பூச்சி. 2014இல் வெளிவந்த ஆய்வு: இதில் பெண்ணுக்குத்தான் நீட்டும் உறுப்பு, அதுவும் முள்ளோடு. ஆணைப் பற்றினால் 40 முதல் 70 மணி நேரம் விடாது, விந்தோடு வரும் சத்தையும் எடுத்துக்கொள்ளும், குகையில் உணவு அவ்வளவு அரிது. ஒரு ஜோடியைப் பிரிக்க இழுத்தபோது ஆணின் வயிறு பிய்ந்து வந்ததே தவிர அந்தப் பிடி விடவில்லை.