மானியம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மகளுக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் மாநில அரசு பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தருகிறதே, நம் மாகாண அரசிடம் மனுக் கொடுத்தால் கட்டணம் குறையுமா? மாணவர் கூடினால் மானியமும் கூடத்தானே வேண்டும்? — சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: மனுக் கொடுத்தால் அலைச்சல்தான் மிச்சம். நம் அரசமைப்பின் 4ஆம் அட்டவணை, கல்வியை மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவாக்கிவிட்டு, உயர்கல்வியை மட்டும் அதிலிருந்து விலக்கியிருக்கிறது. பள்ளிக்கூடம் மாகாணத்தின் பாடு. பல்கலைக்கழகத்துக்குப் படியளப்பது பிரிட்டோரியாவில் உள்ள உயர்கல்வித் துறை.

அந்தத் தொகையும் தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை. 2003இல் வகுத்த கணக்கில் பாடத்துக்குப் பாடம் எடை, அதாவது ஒரு மாணவருக்கான பங்கு, வேறு: இளநிலையில் சட்டம், ஆசிரியர் கல்வி படிப்பவருக்கு 1, மருத்துவம், வேளாண்மை என்றால் 3.5. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசா போலத் தொலைநிலையில் கற்பித்தால் அதில் பாதி. பட்டம் பெற்று வெளியேறுபவர்களுக்கும் ஆய்வுக் கட்டுரைகளுக்கும் தனிப் பங்கு உண்டு.

சிக்கல் இரண்டு. எண்ணிக்கை இரண்டு ஆண்டு பழையது. 2024இல் சேர்ந்தவர்களுக்கான பணம் 2026இல்தான் கணக்கில் ஏறும். அமைச்சகம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கைக்கு மேல் சேர்த்தால் அந்தக் கூடுதலுக்கு மானியமே இல்லை. துண்டு விழுவது கடைசியில் உங்கள் கட்டணச் சீட்டில் வந்து நிற்கும்.

கேள்வி: எனக்கு மாதம் 16,000, மனைவிக்கு 12,000 ரேண்ட். ஆண்டுக்கு 3,36,000தான். வருமான வரம்பு 3,50,000 என்கிறார்கள். பிறகு ஏன் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் மறுத்தது? — ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பதின்மூன்றாம் சம்பளம் இருவருக்கும் உண்டென்றால் 28,000 கூடி 3,64,000 ஆகிவிடும். பார்க்கப்படுவது பிடித்தம் போகக் கைக்கு வருவதல்ல; வரித்துறைப் பதிவில் உள்ள ஆண்டு மொத்தம், அதுவும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. சம்பளச் சீட்டின் கடைசியில் உள்ள கைக்கு வரும் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வருமானம் உண்மையிலேயே தாண்டியிருந்தால் மேல்முறையீடு வீண். இடையில் வேலை போயிருந்தால் பணிநீக்கக் கடிதத்தோடு உடனே முறையிடுங்கள். மாணவருக்கு உடற்குறை இருந்தால் வரம்பு 6,00,000. இவை எதிலும் அடங்காதவர்கள் இஸ்ஃபாப் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 3,50,000க்கும் 6,00,000க்கும் இடையில் உள்ள குடும்பங்களுக்கென்றே வந்தது அது. 2024இல் அதே பிரிவினருக்கு அரசு அறிவித்த கடன், பெயருக்கு ஏற்ப, திருப்பிக் கட்ட வேண்டியது.