மாந்தோப்புக் கிளிகளும் மின்கட்டமைப்பும்

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கும் என் மகள், 'துகள் திரள் உகப்பாக்கம்' என்ற முறையில் மின்கட்டமைப்பின் நிலைத்தன்மையை ஆராயப்போவதாகச் சொல்கிறாள். பறவைக் கூட்டத்தைப் பார்த்து உண்டான முறையாம். பறவைக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் கிணற்று மோட்டாருக்கு வரும் குறைந்த மின்னழுத்தம் இதனால் சரியாகுமா?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலமும் இணைந்த பிறகு, நாட்டின் மின்கட்டமைப்பு முழுவதும் 50 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரே தாளத்தில் இயங்குகிறது. ஏதேனும் ஒரு பெரிய மின்பாதை திடீரென அறுந்தால், ஜெனரேட்டர்கள் ஒன்றுக்கொன்று எதிராக ஊசலாடத் தொடங்கும். அந்த ஊசலாட்டம் தணிந்தால் நல்லது. வளர்ந்தால் அவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். தணிப்பதற்கென்று ஜெனரேட்டரோடு 'ஸ்டெபிலைசர்' என்னும் கருவியை இணைக்கிறார்கள் (வீட்டில் வைக்கும் மின்னழுத்த ஸ்டெபிலைசர் வேறு). ஒவ்வொன்றிலும் சில எண்களைத் திருத்தி வைக்க வேண்டும். ஓரிடத்தில் திருத்தினால் இன்னோரிடத்தில் கெடும் என்பதால், பத்து ஜெனரேட்டர்களுக்குக் கையால் முயன்று பார்ப்பது ஆகாத காரியம்.

இங்கேதான் கிளிகள் வருகின்றன. உங்கள் பக்கத்து மாந்தோப்பில் இறங்கும் கூட்டத்தில் ஒவ்வொரு கிளியும், தான் ருசித்த நல்ல மரத்தை நினைவில் வைத்துக்கொண்டு, கூட்டம் கண்ட மிக நல்ல மரத்தின் பக்கமும் சாய்ந்து, தான் பறந்த வேகத்தையும் முழுக்க விடாமல் பறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 1995இல் கென்னடி என்ற சமூக உளவியலாளரும் எபர்ஹார்ட் என்ற மின்பொறியாளரும் இந்தப் போக்கைக் கணக்காக்கியதுதான் துகள் திரள் உகப்பாக்கம், அதாவது மிகச் சிறந்த விடையைக் கூட்டமாகத் தேடும் முறை. இதில் கிளி என்பது ஜெனரேட்டர் அன்று. எல்லா ஸ்டெபிலைசர்களுக்கும் உரிய எண்களின் ஒரு முழுத் தொகுதியே ஒரு கிளி, அதாவது ஒரு 'துகள்'. அந்த எண்களைக் கணினி மாதிரியில் பொருத்தும்போது ஊசலாட்டம் எவ்வளவு விரைவில் அடங்குகிறதோ, அவ்வளவு இனிப்பு அந்தப் பழம்.

கூட்டம் சுமாரான மரத்திலேயே அவசரப்பட்டுத் தங்கிவிடுவதும் உண்டு. கணக்கை ஒரே முறை கணினியில் ஓட்டி, விடை மேம்பட்டு வருவதாகக் காட்டும் இறங்குமுகமான வளைகோட்டை ஆய்வேட்டில் ஒட்டிவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பல முறை ஓட்டச் சொல்லுங்கள். மாலை உச்சத் தேவைக்குப் பொருந்திய எண்கள் நள்ளிரவிலும் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மோட்டார் விஷயம் வேறு. அது டிரான்ஸ்ஃபார்மரின் தூரமும் பளுவும் கம்பியின் தடிமனும் சார்ந்தது. நிலைத்தன்மை ஆய்வால் தீராது. ஆனால் விநியோகப் பாதையில் கெபாசிட்டரை எங்கே வைக்கலாம் என்று கண்டறியவும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியின் வோல்ட்மீட்டர் காட்டுவதை ஒரு வாரம் மணிக்கொரு முறை குறித்துக் கொடுங்கள். உங்கள் பாதையின் மாதிரியைச் சரிபார்க்க மகளுக்கு உதவும்.