வயிற்று வலியும் ஓர் அழிறப்பரும்

கேள்வி: தரம் 3 படிக்கும் என் மகன் சக மாணவியின் அழிறப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியர் 'கள்ளன்' என்று சொல்லிவிட்டாராம். இப்போது விடிந்தால் வயிற்று வலி என்கிறான். நடிக்கிறானா?
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: நடிப்பில்லை, தங்கச்சி. பிள்ளைகளின் பயம் பல வேளை வயிற்றில்தான் வலிக்கும். வலி நீடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள், அதட்டி அனுப்பாதீர்கள். அழிறப்பரை அவனே, கூட்டமில்லாத நேரத்தில், அந்தப் பிள்ளையிடம் கொடுக்கட்டும். ஆசிரியரிடம் நீங்கள் தனியாகப் பேசுங்கள். அந்தச் சொல்லை அவர்தான் திரும்பப் பெறவேண்டும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ஓட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். நான் படிப்பித்த காலத்தில் மேசையில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் வைத்திருந்தேன். உள்ளே 12 பென்சில்கள். வேண்டியவர் எடுக்கலாம், மணியடிக்குமுன் வைத்துவிடவேண்டும், கணக்கெடுப்பு இல்லை. (உண்மையைச் சொன்னால், பிள்ளைகள் போனபின் களவாக எண்ணிப் பார்ப்பேன்.) முதல் கிழமை ஐந்து காணாமற்போயின. பேசாமல் ஐந்து வாங்கி வைத்தேன். மூன்றாம் கிழமை 14 இருந்தன. இரண்டு, கடித்துக் கடித்துக் கட்டையானவை. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.